பயம் நீங்கிய பின்னும் நீங்காத சட்டங்கள்

2025 மே 20 அன்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் நடைபெறும் என்று மத்தியத் தொழிற்சங்கங்கள் அறிவித்திருந்தன. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் திரும்பப் பெற வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கை. இடையில் ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் பயங்கரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மே 7 அன்று இராணுவ நடவடிக்கை தொடங்கியது. மே 10 அன்று மோதல் நின்றது. நாட்டின் நிலைமையைக் கருத்திற்கொண்டு தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தை ஜூலை 9ஆம் தேதிக்கு ஒத்திவைத்தன. பொறுப்புணர்வோடு எடுக்கப்பட்ட முடிவு அது. ஜூலை 9 அன்று கோடிக்கணக்கான தொழிலாளர்கள் அமைதியாக வேலைநிறுத்தம் செய்து தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். அரசின் மறுமொழி நவம்பர் 21 அன்று வந்தது. நான்கு தொகுப்புகளும் அன்று முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன என்பதே அந்த மறுமொழி.

நவம்பர் 21 என்னும் நாளுக்கு இந்திய உழைக்கும் மக்களின் வரலாற்றில் இன்னொரு பதிவும் உண்டு. 1962 நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. எல்லையில் துப்பாக்கிகள் ஓய்ந்த அதே நாளில்தான் உள்நாட்டில் கம்யூனிஸ்டுகளின் வீட்டுக் கதவுகளைக் காவல்துறை தட்டியது. நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். ஜோதி பாசு வெளியே வர ஓராண்டுக்கும் மேல் ஆயிற்று. நாட்டின் பாதுகாப்பை ஆதரித்து நவம்பர் தொடக்கத்திலேயே கட்சியின் தேசியக் கவுன்சில் தீர்மானம் நிறைவேற்றியிருந்தும் இந்த வேட்டை தடைபடவில்லை. கைதுகளுக்கான காரணம் எல்லையில் இருந்ததா, ஆலை வாசலில் இருந்ததா என்பதை அடுத்து வந்த ஐந்து ஆண்டுகள் காட்டிக்கொடுத்தன.

போர்க்காலத்தில் ஆளும் வர்க்கம் எல்லோரிடமும் தியாகம் கேட்கிறது. கேட்கும்போது பணக்காரனையும் ஏழையையும் ஒரே மூச்சில் அழைக்கிறது. ஆனால் பயம் தணிந்த பிறகு யாருடைய சுமை முதலில் இறக்கப்படுகிறது, யாருடைய சுமை சட்டமாக உறைந்து நின்றுவிடுகிறது என்று பார்த்தால்தான் அந்தக் கொள்கையின் வர்க்க முகம் தெரியும். 1962 முதல் 1968 வரையிலான காலம் இதற்கு முழுமையான சான்று.

சண்டை நடந்தது 1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை, ஏறத்தாழ ஒரு மாதம். அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அன்றே இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டமும் பிறந்தது. டிசம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. அந்த நெருக்கடி நிலை விலக்கிக்கொள்ளப்பட்டது 1968 ஜனவரி 10 அன்று. ஒரு மாதப் போருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட நெருக்கடி நிலை!

முதலில் ஆலைகளில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1962 நவம்பர் 3 அன்று புதுடெல்லியில் முதலாளிகளின் அமைப்புகளும் தொழிலாளர்களின் அமைப்புகளும் கூடி, தொழிலமைதித் தீர்மானம் ஒன்றை ஏற்றன. உற்பத்தியில் இடையூறோ தொய்வோ இருக்கலாகாது. தகராறுகளைப் பேசியும் நடுவர் மூலமாகவும் தீர்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளர்கள் கூடுதல் நேரம் உழைக்க முன்வர வேண்டும். இவை ஒரு பக்கம். மறுபக்கத்தில், இன்றியமையாப் பண்டங்களின் விலை உயராமல் பார்த்துக்கொள்ளப்படும், ஆலைகளில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் திறக்கப்படும் என்னும் வாக்குறுதிகள். தொழிலாளர்கள் தங்கள் பக்கத்தை நிறைவேற்றினார்கள். மிகைநேரம் உழைத்தார்கள், பாதுகாப்பு நிதிக்கு ஊதியத்திலிருந்து கொடுத்தார்கள். பெண்கள் கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். விலைவாசியோ எந்தத் தீர்மானத்துக்கும் கட்டுப்படவில்லை. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யார் நான் யார் என்பதுதான் முதலாளிகளின் தொழிலமைதியாக இருந்தது. உற்பத்தி நிற்கக்கூடாது என்ற விதியை மீறிய தொழிலாளிக்குச் சிறை காத்திருந்தது. விலை ஏறக்கூடாது என்ற விதிக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை.

அடுத்து வந்தது 1963-64ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் பாதுகாப்புக்கு 867 கோடி ரூபாய் ஒதுக்கினார். முந்தைய ஆண்டின் தொடக்க மதிப்பீட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேலானது அது. பணம் எங்கிருந்து வரும்? மண்ணெண்ணெய் மீதான தீர்வை உயர்ந்தது. மின்விளக்கு எட்டிப்பாராத குடிசைகளில் எரிந்த சிம்னி விளக்கின் மீது போர்வரி விழுந்தது. கட்டாய சேமிப்புத் திட்டம் என்ற பெயரில், வருமான வரி கட்டுவோரோடு நிறுத்தாமல், ஆண்டுக்கு 1,500 ரூபாய் சம்பளம் வாங்கும் ஊழியர், நிலவரி செலுத்தும் விவசாயி, சிறு கடைக்காரர் ஆகியோரிடமிருந்தும் பணம் பிடித்தம் செய்யச் சட்டம் வந்தது. மாதம் 125 ரூபாய் சம்பளக்காரன் சேமிக்கவில்லை என்பதுதான் நாட்டின் பொருளாதார நெருக்கடிக்குக் காரணமோ?

நியாயமாகச் சொல்வதானால், மொரார்ஜி முதலாளிகளையும் தொடாமல் விடவில்லை. நிறுவனங்களின் மூலதனத்தில் 6 விழுக்காட்டைத் தாண்டிய லாபத்தின் மீது உபரி லாப வரி என்ற ஒன்றை அதே அறிக்கையில் கொண்டுவந்தார். எல்லோரும் சுமக்கிறார்கள் என்று காட்டுவதற்கு அது பயன்பட்டது. முதலாளிகளின் சபைகள் கூக்குரலிட்டன. பங்குச் சந்தை சோர்ந்துவிடும், முதலீடு வற்றிவிடும் என்ற வழக்கமான புலம்பல் எழுந்தது. 1964இல் அந்த வரி அகற்றப்பட்டது. விலக்கு வரம்பு உயர்த்தப்பட்ட, விகிதம் குறைக்கப்பட்ட வேறொரு மேல்வரி அதன் இடத்தில் வந்தது. உபரி லாப வரியின் ஆயுள் ஓராண்டு.

இதோடு பொற்கொல்லர்களின் கதையை வைத்துப் பார்க்க வேண்டும். 1963 ஜனவரியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளோடு தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் சேர்க்கப்பட்டன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் நகை செய்யக்கூடாது. கட்டியாகவும் பாளமாகவும் தங்கம் வைத்திருப்போர் கணக்குக் காட்ட வேண்டும். வணிகருக்கு உரிமம் வேண்டும். அந்நியச் செலாவணியைச் சேமிக்கவும், உள்நாட்டு விலைக்கும் உலக விலைக்கும் இடையிலிருந்த பெரும் வேறுபாட்டால் கொழித்த கடத்தலைத் தடுக்கவும் இது தேவை என்றார்கள். நோக்கம் தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் விதியின் கூர்முனை யார் மீது பாய்ந்தது? 22 காரட் தங்கத்தைத் தட்டி, நீட்டி, பற்று வைத்து வேலை செய்யப் பழகிய கைகள் அவை. 14 காரட் உலோகம் கடினமானது. சிறு பட்டறையின் கைக்கருவிகளுக்கு எளிதில் இணங்காதது. வாங்குவோரும் அதை நகையாகவே மதிக்கவில்லை. 14 காரட்டில் தாலி செய்து மகளை மணமேடையில் அமர்த்த எந்தத் தாய் உடன்படுவாள்? நாடெங்கும் பட்டறைகளில் நெருப்பு அணைந்தது. தலைமுறை தலைமுறையாக வேறு தொழில் அறியாத இலட்சக்கணக்கானோர் ஒரே ஆணையில் வேலையிழந்தனர். பொற்கொல்லர் தற்கொலைகள் நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டன.

கடத்தல்காரனுக்கு என்ன ஆயிற்று? அவன் வளர்ந்தான். சட்டபூர்வமாகக் கிடைக்காததைச் சட்டவிரோதமாகக் கொண்டுவரும் தொழில், தங்கக் கட்டுப்பாட்டின் ஆண்டுகளில்தான் பம்பாய்க் கடற்கரையில் ஒரு பேரரசாக எழுந்தது. 14 காரட் வரம்பு 1966இல் தளர்த்தப்பட்டபோதிலும் கட்டுப்பாடு நீங்கவில்லை. போர்க்கால விதியாக இருந்தது 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற நிரந்தர வடிவம் பெற்றது. அது நீக்கப்பட்டது 1990 ஜூனில், மது தண்டவதே நிதியமைச்சராக இருந்தபோது. முதலாளியின் லாபத்தின் மீது விழுந்த போர்வரிக்கு ஆயுள் ஓராண்டு. பொற்கொல்லனின் பட்டறை மீது விழுந்த போர்விதிக்கு ஆயுள் இருபத்தேழு ஆண்டுகள்.

1963 ஆகஸ்டில் நேரு அரசின் மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அந்த விவாதத்தில்தான் ராம் மனோகர் லோகியா, 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள், பிரதமருக்கோ நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்று முழங்கினார். மூன்று அணா அல்ல, பதினைந்து அணா என்றார் நேரு. கணக்கில் யார் சரி என்ற சர்ச்சை நெடுநாள் நடந்தது. அரசே ஒப்புக்கொண்ட பதினைந்து அணாவில்தான் மண்ணெண்ணெய்க்கும் வரி கேட்டார்கள் என்பது அந்தச் சர்ச்சையில் காணாமற்போனது.

அதே ஆண்டு செப்டம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு கோடிக் கையெழுத்துகளைத் திரட்டி நாடாளுமன்றத்தை நோக்கிப் பெரும் பேரணி நடத்தியது. விலைகளைக் கட்டுப்படுத்து, கட்டாய சேமிப்பைக் கைவிடு, தங்கக் கட்டுப்பாட்டை மாற்று, வங்கிகளை நாட்டுடைமையாக்கு என்பவை அதன் முழக்கங்கள். தலைவர்கள் பலர் சிறையிலிருந்த நேரம். பாதுகாப்பு விதிகள் உச்சத்திலிருந்த நேரம். கம்யூனிஸ்ட் என்றாலே சீன ஏஜென்ட் என்று பத்திரிகைகள் எழுதிய நேரம். அந்தச் சூழலில் ஒரு கோடிப் பேர் பெயரெழுதிக் கையொப்பமிட்டார்கள். காமராஜ் திட்டத்தின்படி மொரார்ஜி பதவி விலக, புதிதாக வந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி, வருமான வரி செலுத்தாதவர்கள் மீதான கட்டாய சேமிப்பை விரைவிலேயே கைவிட்டார். புதிய அமைச்சரின் தாராள மனமே காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. தெருவில் திரண்ட மக்களை அவர்கள் பார்க்கவில்லை போலும்.

பாதுகாப்பு விதிகள் எவ்வளவு தூரம் பரவின என்பது தனிக்கதை. அவற்றின் 30ஆம் விதி, விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றத்தை நாடும் உரிமை குடியரசுத் தலைவரின் ஆணையால் நிறுத்திவைக்கப்பட்டது. 1963இல் மக்கன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை அந்த நிறுத்திவைப்பை ஏற்றுக்கொண்டது; நீதிபதி சுப்பாராவ் ஒருவர் மட்டும் மாறுபட்டார். அசாமிலும் வடக்கு வங்கத்திலும் பல தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு இரயிலில் கொண்டுசெல்லப்பட்டனர். தச்சர்கள், செருப்புத் தைப்போர், தேநீர்த் தோட்டப் பகுதிகளின் சிறு கடைக்காரர்கள், அவர்களுடைய குழந்தைகள். சீனாவைக் கண்ணால் கண்டிராதவர்கள் பலர். 1963இல் அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேற்றப்பட்டனர். கடைசிக் கைதிகள் தேவ்லியிலிருந்து வெளியேறியது 1967இல். இந்த மனிதர்களுக்காக அன்று பேசியவர்கள் மிகக் குறைவு. இடதுசாரிகளின் குரலும் போதிய அளவு ஒலிக்கவில்லை.

பிறகு அந்த விதிகள், ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து மனிதனைக் கடித்த கதையாக வளர்ந்தன. 1964 டிசம்பர் இறுதியில் மார்க்சிஸ்ட் தலைவர்கள் நாடெங்கும் கைது செய்யப்பட்டனர். 1965 மார்ச்சில் கேரளத் தேர்தல் வந்தது. 133 இடங்களில் 40 இடங்களைப் பெற்று மார்க்சிஸ்ட் கட்சி தனிப்பெரும் கட்சியாக நின்றது. வென்றவர்களில் பெரும்பாலோர் சிறையில் இருந்தனர். சட்டமன்றம் ஒருநாள் கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு தமிழகத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது, மு.கருணாநிதி இதே பாதுகாப்பு விதிகளின் கீழ்க் கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் வைக்கப்பட்டார். இமயமலையில் நின்ற படைக்கும் மதுரைக் கல்லூரி மாணவனுக்கும் என்ன தொடர்பு என்று எந்த அமைச்சரும் விளக்கவில்லை. பிகாரில் ஆகஸ்டில் கைதான லோகியாவை மட்டும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சட்டம் ஒழுங்கு என்பது வேறு, பொது அமைதி என்பது வேறு. முன்னதைக் காட்டி ஒருவரை அடைத்து வைக்க முடியாது என்று அது கூறியது. சாதாரணத் தொழிலாளிக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேரச் சிறைவாசமே முடிந்திருக்கும்.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர். அமெரிக்கா உதவியை நிறுத்தியது, பருவமழை பொய்த்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் மறு ஆண்டு 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு உணவைத் தவிர்க்குமாறு மக்களை வேண்டினார். தாமும் தவிர்த்தார், அந்த எளிய மனிதரின் நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு ஒருவேளை உண்பவனிடம் ஒருவேளையைத் தவிர்க்கச் சொல்வதும், பதுக்கல்காரனின் கிடங்கைத் திறக்காமல் விடுவதும் ஒரே கொள்கையின் இரண்டு பக்கங்கள். 1966 ஜூன் 6 அன்று உலக வங்கியின் நெருக்குதலுக்குப் பணிந்து ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது, 4.76 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 7.50 ரூபாயாயிற்று. 1966-67இல் மொத்த விலைகள் ஏறத்தாழ 14 விழுக்காடு ஏறின.

1966 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் பசிர்ஹாட் பகுதியில் அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டு மாணவர்கள் ஊர்வலம் வந்தார்கள். காவல்துறை சுட்டது. நூருல் இஸ்லாம் என்ற பள்ளி மாணவன் மாண்டான். எந்த மண்ணெண்ணெயின் மீது 1963இல் நாட்டின் பாதுகாப்புக்காக வரி விதித்தார்களோ, அதே மண்ணெண்ணெய்! படிப்பதற்கு விளக்கெரிக்க எண்ணெய் கேட்ட சிறுவன் நெருக்கடி நிலையின் நான்காம் ஆண்டில் சுடப்பட்டான். அந்த ஆண்டுகளின் பசிதான் 1967 தேர்தலில் எட்டு மாநிலங்களில் காங்கிரசை வீழ்த்தியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழகத்தில் பெற்ற வாக்குகளையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தக் காலத்திலிருந்து நன்மையாக எதுவுமே எஞ்சவில்லையா என்று கேட்கலாம். எஞ்சியது. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. கொள்முதல், கிடங்கு, நியாயவிலைக் கடை என்ற சங்கிலி அங்கிருந்து வளர்ந்தது. பஞ்சத்தைக் கண்டு அஞ்சிய அரசு பொதுத்துறையை நாடினால் என்ன விளையும் என்பதற்கு இன்றும் நிற்கும் சாட்சி அது. அந்தக் கழகத்தைத் துண்டாடவும் கிடங்குகளைத் தனியாரிடம் ஒப்படைக்கவும்தான் இன்று திட்டம் தீட்டுகிறார்கள்.

சட்டப் புத்தகத்தில் எஞ்சியவையோ வேறு வகை. நெருக்கடி நிலை விலக்கப்படப் போகிறது என்று தெரிந்த நேரத்தில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அது ஒப்புதல் பெற்ற நாள் 1967 டிசம்பர் 30. நெருக்கடி நிலை நீங்கியது அதற்குப் பதினொரு நாள் கழித்து. போர்க்கால அதிகாரம் கைநழுவிப் போகும் முன்பே அமைதிக்கால அதிகாரம் கைக்கு வந்து சேர்ந்தது. யுஏபிஏ என்று இன்று அழைக்கப்படும் சட்டம் அதுதான். 2004, 2008, 2012, 2019 எனத் திருத்தத்துக்குத் திருத்தம் அது கூர்மையடைந்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடியினருக்காக வாழ்ந்த ஸ்டான் சுவாமி, 84ஆம் வயதில், நடுங்கும் கைகளோடு, பிணை கிடைக்காமல் 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே உயிர்நீத்தது அந்தச் சட்டத்தின் கீழ்தான். நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்கயஸ்தா 2023 அக்டோபரில் கைதானதும் அதே சட்டத்தின் கீழ்தான். கைது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு ஏழு மாதங்கள் பிடித்தன. போர்க்காலப் பாதுகாப்பு விதிகளிலிருந்து முளைத்த எதிரிச் சொத்துச் சட்டம் 1968இல் நிரந்தரமாக்கப்பட்டு, 2017இல் திருத்தப்பட்டு, இந்தியக் குடிமக்களான வாரிசுகளின் உரிமையையும் பறிக்கிறது.

1971இலும் இதே கதைதான். அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று பிரகடனமான நெருக்கடி நிலை, பதினான்கு நாளில் போர் முடிந்தும், 1977 மார்ச் வரை நீடித்தது. 1974 மே மாதத்தில் 17 இலட்சம் இரயில்வே தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை உடைப்பதற்கு அதன் விதிகள் பயன்பட்டன. இரண்டு மாதத்தில் அவசரச் சட்டம் வந்து, ஊதிய உயர்வை முழுமையாகவும் பஞ்சப்படி உயர்வில் பாதியையும் கட்டாய வைப்பில் முடக்கியது. விலை ஏறியதற்கு ஈடாக வந்த படியைப் பிடித்துவைத்து விலையைக் கட்டுப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள்.

ஆபத்து வந்தால் நாட்டுக்குப் பணம் வேண்டாமா, ஒற்றுமை வேண்டாமா என்று ஆளுங்கட்சியின் பேச்சாளர்கள் கேட்பார்கள். வேண்டும். எல்லையைக் காக்கும் படைவீரன் உழவன் வீட்டுப் பிள்ளை. அவனுக்குக் காலணியும் கம்பளியும் கிடைக்க வேண்டும் என்பதில் எந்த இடதுசாரிக்கும் மறுப்பில்லை. பணத்தை யாரிடமிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. 1940இல் பிரிட்டனில் சர்ச்சில் தலைமையிலான அரசு, போரினால் விளைந்த மிகை லாபத்தின் மீது 100 விழுக்காடு வரி விதித்தது. உணவுப் பங்கீட்டை விரிவுபடுத்தியது. சோஷலிசத்தின் கடும் எதிரியான அவருக்கே தம் நாட்டில் அது தேவைப்பட்டது. அதே சர்ச்சிலின் ஆட்சியில் வங்கத்தில் நடந்தது நேர்மாறானது. ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் கரையோர மக்களின் படகுகள் பறிக்கப்பட்டன, அரிசி அப்புறப்படுத்தப்பட்டது, 1943 பஞ்சத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மடிந்தார்கள். பிரிட்டிஷ் தொழிலாளிக்கு வாக்கும் வலுவான தொழிற்சங்கமும் இருந்தன; வங்க உழவனுக்கு இரண்டும் இல்லை.

இன்றைய அரசுக்கு இந்தப் பாடத்தின் எந்தப் பகுதி பிடித்திருக்கிறது? 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரியை 30லிருந்து 22 விழுக்காடாகக் குறைத்து, ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாயை விட்டுக்கொடுப்பதாக அரசே அறிவித்தது. செல்வ வரி 2015இலேயே ஒழிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை இறங்கியபோது, அந்த இறக்கம் மக்களைச் சேராமல் பெட்ரோல், டீசல் மீதான உற்பத்தித் தீர்வை லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டப்பட்டது. சமையல் எரிவாயு உருளைக்கு 50 ரூபாய் ஏறியது. 2025-26இல் பாதுகாப்புக்கு 6.81 இலட்சம் கோடி. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு முந்தைய ஆண்டின் அதே 86,000 கோடி. அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை உறுதிச் சட்டமே அகற்றப்பட்டு, செலவில் 40 விழுக்காட்டைப் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் ஏற்றும் புதிய சட்டம் டிசம்பரில் வந்தது. 125 நாள் வேலை என்பது அதன் விளம்பரம்.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான தொழிலுறவுத் தொகுப்பு, எந்தத் தொழிலகத்திலும் 14 நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வது குற்றம் என்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்த விதி அது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் வேலைநிறுத்தம் கூடாது. ஆலையை மூடவும் ஆட்குறைப்புச் செய்யவும் அரசின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடோ 100 தொழிலாளர் இருக்கும் ஆலைகளிலிருந்து 300 பேர் இருக்கும் ஆலைகளுக்கு நகர்த்தப்பட்டுவிட்டது. உற்பத்தியில் இடையூறு கூடாது என்று 1962இல் தொழிலாளர்கள் தாமாக ஏற்ற கட்டுப்பாடு, எந்தப் போரும் இல்லாத நாளிலும் செல்லுபடியாகும் சட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது. விலைவாசி பற்றிய வாக்குறுதி மட்டும் திரும்பி வரவில்லை.

எல்லையில் மீண்டும் பதற்றம் எழும். மேற்காசியாவில் எண்ணெய்க் கப்பல்கள் தடைபட்டாலும் அதே குரல்கள் அதே தியாகத்தைக் கேட்கும். அப்போது தொழிற்சங்கங்களின் முன் ஒத்திவைப்புக் கோரிக்கை வைக்கப்பட்டால், ஆலைக் கிளைகளிலும் ஊராட்சிக் கிளைகளிலும் தோழர்கள் முன்வைக்க வேண்டிய நிபந்தனைகள் தெளிவானவை. மண்ணெண்ணெய், எரிவாயு, அரிசி, சமையல் எண்ணெய் ஆகியவற்றின் விலைக்கு எழுத்து மூலமான உச்சவரம்பு வேண்டும்; அதை மீறும் வணிகர் மீது, வேலைநிறுத்தத் தொழிலாளி மீது பாயும் அதே வேகத்தில் நடவடிக்கை வேண்டும். அந்த ஆண்டின் மிகை லாபத்தின் மீது வரி வேண்டும். உழைப்போர் மீது விதிக்கப்படும் எந்தக் கட்டுப்பாடும் நீங்கும் வரை அந்த வரியும் நீங்கலாகாது. புதிதாகக் கொண்டுவரும் ஒவ்வொரு விதிக்கும் முடிவு நாள் அந்த விதியிலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நடைமுறையில் உள்ள நான்கு தொகுப்புகளையும் நிறுத்திவைக்காமல் எந்தப் பேச்சுவார்த்தையும் தொடங்க இயலாது. 1962 நவம்பர் 3 அன்று டெல்லியில் கையெழுத்திட்டவர்கள் விலைகளுக்கு உச்சவரம்பையோ விதிகளுக்கு முடிவு நாளையோ எழுதி வாங்கவில்லை.